செத்த போப்பின் முதலாம் ஆண்டு

எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிய நாளில், அந்தப் பத்திரத்தின் முதல் வரியில் பெயர் இருந்த போப்பாண்டவர் செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

எழுதியவருக்குத் தெரியாது. எழுதச் சொன்னவருக்குத் தெரியாது. த்ரோகிர் தீவில் ஒரு பூனைக்குக்கூடத் தெரியாது. நாலு மாதம் கழித்து ஒருவன் அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு, "நீ இன்னும் அடிமைதான், உன் குழந்தையும் என் சொத்துதான்" என்று என் முன்னால் வந்து நின்றான்.

என் பெயர் மிலோஸ்தா. போஸ்னா மலைக்காரி. ஒன்பது வயதில் நெரெத்வா ஆற்றங்கரைச் சந்தையில் விற்கப்பட்டேன். வாங்கியவர் பெர்வோ, த்ரோகிரில் எண்ணெய் வியாபாரி. பதினாறு வருடம் அவர் வீட்டில் தண்ணீர் இறைத்தேன், மீன் கழுவினேன். அவர் மனைவி செத்தபோது உடம்பைக் கழுவி உடுத்தியதும் நான்தான். அழுதேனா என்று கேட்டால் ஞாபகம் இல்லை. அந்த வீட்டில் எதற்கும் அழுததாக ஞாபகம் இல்லை.

ஆரம்பித்து வைத்தது சூரியன்.

ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்றாம் ஆண்டு, அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு. பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்திருந்தது. நான் முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெர்வோ அத்திமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. திடீரென்று பித்தளைத் தட்டில் வெளிச்சம் குறைந்தது. கோழிகள் தாமாகவே கூட்டுக்குள் போயின. நிமிர்ந்து பார்த்தால் பகலில் நட்சத்திரம்.

தெருவெங்கும் கூச்சல். கோயில் மணியை எவனோ பைத்தியம் பிடித்தவன் போல அடித்தான். பெர்வோ தவழ்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கடவுளே, சூரியனைத் திருப்பிக் குடு! இவளை விட்டுடறேன்! சத்தியமா விட்டுடறேன்!"

கொஞ்ச நேரத்தில் சூரியன் திரும்பி வந்தது. பெர்வோ என் கையை விட்டார். அன்றைக்கு அவர் விட்டது அவ்வளவுதான்.

அடுத்த வாசல் ரொட்டிக்காரி தோப்ரா சுவர் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தினமும் கேட்பாள்.

"என்னடி மிலோஸ்தா, சூரியன் வந்து ஒரு வாரம் ஆச்சு. பத்திரம் இன்னும் நடந்து வருதா?"

"வரும் அக்கா."

"வரும் வரும். இன்னொரு தடவை இருட்டினா வரும்."

இருட்டவில்லை. காய்ச்சல் வந்தது. நவம்பரில் பெர்வோ படுக்கையில் விழுந்தார். சாமியார் வந்து காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் எழுத்தர் ரினால்தோவைக் கூட்டி வரச் சொன்னார்.

*

ரினால்தோ எங்கள் ஊர்க்காரர் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இத்தாலிக் கரையில் ஃபானோ. எங்கள் கரையூர்களில் பத்திரம் எழுத அந்தப் பக்கத்து ஆளைத்தான் வைப்பார்கள். உள்ளூர்க்காரனுக்கு எல்லாரும் மாமன் மச்சான், நேர்மையாக எழுதமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பத்திரத்தின் முதல் வரியில் ஹங்கேரி அரசர் பெயரையும் ஆயர் பெயரையும் எழுதிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ரினால்தோ அப்படி இல்லை. அவர் ஊர் வழக்கப்படி முதலில் போப், பிறகு பேரரசர், பிறகுதான் அரசர். ஒரு கழுதை விற்றாலும் உலகம் மொத்தமும் அந்த வரியில் வந்து நிற்க வேண்டும். அதனால் கப்பல் வந்தால் முதல் ஆளாகத் துறையில் நிற்பார்.

"யார் செத்தது? யார் வந்தது?"

மாலுமிகள் சிரிப்பார்கள். "உங்களுக்கு நல்ல சேதியே வேண்டாமா ஐயா?"

"யார் உயிரோட இருக்கான்னு தெரியாம நான் எப்படிய்யா தேதி போடறது?"

ஆகஸ்டில் பழைய போப் செத்திருந்தார். அதிலிருந்து ரினால்தோ "பீடம் காலியாக இருக்கையில்" என்று எழுதிக்கொண்டிருந்தார். அப்படி எழுதுவது அவருக்குப் பல்வலி மாதிரி. நவம்பர் பதினொன்றாம் தேதி, மார்ட்டின் திருநாளன்று, அங்கோனாக் கப்பல் ஒன்று சேதி கொண்டு வந்தது. புதுப் போப் வந்துவிட்டார், பெயர் செலஸ்டின். ரினால்தோ துறையிலேயே முழங்கால் போட்டார்.

புதுப் போப் பதினேழு நாள்தான் இருந்தார். சேதி எங்கள் துறைக்கு வந்ததற்கு முந்தின நாளே அவர் போய்ச் சேர்ந்தாயிற்று. அதன்பிறகு குளிர்காற்று கடலை அடைத்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படகும் வரவில்லை.

நவம்பர் இருபதாம் தேதி ரினால்தோ பெர்வோவின் கட்டிலருகே உட்கார்ந்து எழுதினார். எழுதியதைச் சாட்சிகளுக்குப் புரியும்படி எங்கள் பேச்சில் வாசிக்க வேண்டும் என்பது சட்டம். வாசித்தார்.

"போப்பாண்டவர் செலஸ்டின் அவர்களின் முதலாம் ஆண்டில்..."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். ஏழு மாதக் கர்ப்பம். தகப்பன் யார் என்று கேட்டவர்களுக்கு நான் அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. "இன்று முதல் இவள் யாருக்கும் உரியவள் அல்ல" என்று ரினால்தோ முடித்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது செய்வேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. அடுப்பில் கஞ்சி பொங்கும் சத்தம் கேட்டது. போய் இறக்கி வைத்தேன்.

டிசம்பர் ஆறு, நிக்கோலாஸ் திருநாள். ரினால்தோ மறுபடி வந்தார். இந்த முறை உயில்.

பெர்வோவுக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகன்கள் நாலு பேர். மூன்று பேர் அந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை. மூன்றாமவன் தோல்யென் மட்டும் இரண்டு வாரமாகத் தேன் பணியாரத்தோடு கட்டிலருகே குடியிருந்தான். பெரியப்பாவின் எச்சில் கிண்ணத்தைக்கூடத் தன் கையால் ஏந்தினான்.

ரினால்தோ வாசிக்க ஆரம்பித்தார். "போப்பாண்டவர் செலஸ்டின் அவர்களின் முதலாம் ஆண்டில்..."

பெர்வோ கையைத் தூக்கி நிறுத்தினார். "முதல் வருஷமா? புத்தம் புதுசு. என்னைப் பொதைச்சு, இவனையும் பொதைச்சுட்டுத்தான் அவர் போவார்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். தோல்யென் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். வீடு, எண்ணெய்க் கிடங்கு, அத்திமரம் எல்லாம் தோல்யெனுக்கு என்று உயில் முடிந்தது. லூசியா திருநாள் வாரத்தில் பெர்வோ செத்தார். நான் உடம்பைக் கழுவினேன். பிறகு என் போர்வையைச் சுருட்டிக்கொண்டு தோப்ராவின் ரொட்டி அடுப்புக்குப் போனேன்.

"ஒரு ஆள் வேணும்னு கேட்டீங்களே அக்கா."

"ஒரு ஆள்தான் கேட்டேன். நீ ஒன்றரை ஆளா வர்றே" என்று என் வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாவுப் பலகையை என் பக்கம் தள்ளினாள்.

*

ஜனவரியில் மகள் பிறந்தாள். லூசா. என் நெஞ்சில் வைத்தார்கள். பால் குடித்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் காற்று தணிந்து ஃபானோவிலிருந்து கப்பல் வந்தது. போப் செத்து இரண்டு மாதமாகிறது என்றார்கள். ரினால்தோ அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஊருக்கு அதைப் பேச நேரமில்லை. வடக்கிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று தன்யூப் நதி உறைந்ததாம். ஹங்கேரியை எரித்துக்கொண்டு வந்த தாத்தாரியப் படையின் குதிரைகள் பாலத்தில் நடப்பது போல அதில் நடந்து வந்தனவாம். முதலில் வந்தவர்கள் வண்டியோடு வந்தார்கள், பிறகு வந்தவர்கள் ஆட்டோடு. கடைசியில் வந்தவர்களிடம் செருப்பும் இல்லை. மார்ச் மாதம் ஹங்கேரி அரசரே வந்து எங்கள் பக்கத்துத் தீவில் கப்பலோடு ஒதுங்கினார். அவரைத் துரத்திக்கொண்டு குதிரைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

தீவுக்கு வரும் பாலத்தை உடைத்துப் போட்டோம். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கால்வாய், சேறு. குதிரை இறங்கினால் வயிறு வரை புதையும். அந்தச் சேறுதான் எங்கள் கோட்டை.

ஒருநாள் காலை குதிரைக்காரர்களில் ஒருவன் கரையோரம் வந்து எங்கள் பேச்சிலேயே கத்தினான். "உங்களோட எங்களுக்குச் சண்டை இல்லை! வெளியூர்க்காரனுக்காக நீங்க ஏன் சாகணும்? அவனைக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க!"

அரசரிடமிருந்து உத்தரவு வந்தது. யாரும் பதில் பேசக் கூடாது. ஒரு சொல், ஒரு வசவு, ஒரு கல் கூடக் கூடாது. ஊர் முழுக்க மதிலில் ஏறி நின்று வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்த்தது. கைக்குழந்தைக்காரிகள் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டோம். லூசாவின் மூச்சு என் உள்ளங்கையில் சூடாக அடித்தது. பேசாமல் இருப்பது எனக்குப் புதிதில்லை. மற்றவர்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அன்று மதியம் தோல்யென் ரொட்டிக் கடைக்கு வந்தான். முகம் மாவு பூசியது போல இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பாரித் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் ஒன்று துறையில் நின்றது. அதில் ஏற ஊரே அடித்துக்கொண்டது. காசு கொடுத்தால் கப்பல்காரன் சிரித்தான். எல்லாரிடமும் காசு இருந்தது.

"மூட்டையைக் கட்டு" என்றான் தோல்யென். "கப்பல்காரனுக்கு ஆள் வேணுமாம். உன்னையும் குழந்தையையும் குடுத்தா எனக்கு ஒரு இடம் தர்றான்."

"நான் யாருக்கும் உரியவள் இல்லைன்னு எழுதியிருக்கே."

"எழுதின தேதியில போப்பே இல்லடீ! இல்லாத போப் பேர்ல எழுதினது பொய்ப் பத்திரம். பொய்ப் பத்திரம் செல்லாது. தாய் அடிமைன்னா குட்டியும் அடிமை. ஊர்ச் சட்டம் தெரியுமில்ல?"

தோப்ரா ரொட்டி எடுக்கும் இரும்புத் துடுப்பை அடுப்பிலிருந்து உருவினாள். முனை சிவந்திருந்தது. "தோல்யென் தம்பி, கோர்ட்டுக்குப் போறியா, இல்ல இந்த அடுப்புக்குள்ள போறியா?"

"கோர்ட்டுக்கே போறேன். நாளைக்குக் காலையில. காத்து மாறினதும் கப்பல் கெளம்பிடும். அதுக்குள்ள முடிச்சுடுவேன்."

*

நான் ரினால்தோ வீட்டுக்கு ஓடினேன். கதவை விரல் அளவு திறந்தார்.

"ஐயா, நீங்க வந்து சொல்லணும். தெரியாமத்தான் எழுதினேன்னு."

"பொய்ப் பத்திரம் எழுதின எழுத்தனுக்கு இந்த ஊர்ல என்ன தண்டனை தெரியுமா?" அவர் தன் வலது கையை எடுத்துக் காட்டினார். மணிக்கட்டில் இடது விரலால் ஒரு கோடு இழுத்தார். "இது போயிடும். நான் வேற என்ன வேலை செய்வேன்? மீன் பிடிப்பேனா?"

"அப்போ நான்?"

"வாயைத் திறக்காதே. நானும் திறக்கலை. நீதிபதிங்களுக்கே இரக்கம் வரலாம்." கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த பிறகும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. மூச்சு கேட்டது.

திரும்பி வந்து மாவு பிசைந்தேன். பயந்தேனா? இல்லை. பயப்பட வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்பது வயதில் அந்தச் சந்தையில் என்னை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள். லூசாவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. எதைப் பார்ப்பார்கள் என்று யோசித்தேன். அப்போது கை நின்றுவிட்டது.

"என்னடி?" என்றாள் தோப்ரா.

"ஒண்ணுமில்லக்கா. மாவு கெட்டியா இருக்கு."

*

நீதிபதிகள் வழக்கமாக உட்காரும் மண்டபத்தில் அகதிகள் குடியிருந்தார்கள். அதனால் கோயில் முன்னால், புதிதாகச் செதுக்கிய பெரிய கதவின் சிங்கங்களுக்கு நடுவே மூன்று மூட்டைகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். சுற்றிலும் ஆடு. நடுவில் இருந்தவர் மார்த்தினுஷ், மூத்தவர், தொந்தி உள்ளவர். தொந்தியையும் மீறி ஒரு ஆட்டுக்குட்டி அவர் மடியில் ஏறப் பார்த்தது.

"இதைப் பிடிச்சுட்டுப் போங்கப்பா! இது கோர்ட்டு!" என்றார்.

தோல்யென் தயாராக வந்திருந்தான். ஃபானோக் கப்பல்காரன் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தான். போப் செத்தது நவம்பர் பத்து. ரோமாபுரியில் இருந்த தன் அண்ணனே நேரில் பார்த்தது. அடுத்து என் பத்திரம். தேதி நவம்பர் இருபது. தோல்யென் கையை விரித்தான்.

"அவ்வளவுதான் ஐயா. உயிரோட இல்லாத ஆள் பேர்ல எழுதின பத்திரம். எனக்கு என் சொத்து வேணும்."

மார்த்தினுஷ் ரினால்தோவைப் பார்த்தார். ரினால்தோவின் வலது கை அங்கியின் கைக்குள் முழங்கை வரை ஒளிந்திருந்தது.

"என்ன ரினால்தோ?"

ரினால்தோ தரையைப் பார்த்தார்.

கூட்டத்தில் தோல்யெனின் சகோதரர்கள் மூன்று பேரும் இருந்தார்கள். வேடிக்கைதான். மூத்தவன் குருபேஷா வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணே, நீ ஏதாவது சொல்றியா?" என்றார் மார்த்தினுஷ்.

என் வாய் திறக்கவில்லை. சொல்ல ஒன்று இருந்தது. ராத்திரி மாவில் கை நின்றபோதே அது வந்துவிட்டது. ஆனால் பதினாறு வருடம் அந்த மாதிரி ஆட்கள் முன்னால் என் வாய் "ஆகட்டும் ஐயா" என்பதற்கு மட்டும்தான் திறந்திருக்கிறது.

அப்போது கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குதிரைக்காரன் குரல் வந்தது. அதே ஆள், அதே பேச்சு. "உங்களோட எங்களுக்குச் சண்டை இல்லை! ஏன் சாகணும்?"

மார்த்தினுஷ் விரலை உதட்டில் வைத்தார். முற்றம் முழுக்க மூச்சை அடக்கியது. குருபேஷா வெங்காயத்தை மெல்லுவதை நிறுத்தினான். ஆடுகள் மட்டும் கத்தின. அவன் கத்தி முடித்தான். யாரும் அசையவில்லை. ஊரே என்னைப் போல நின்றது. அடிமை மாதிரி, வாயை மூடிக்கொண்டு, எவனோ ஒருவன் தன்னை என்ன செய்வான் என்று காத்துக்கொண்டு.

அந்த அமைதியில் என் குரல் எனக்கே கேட்டது.

"ஐயா, உயிலையும் படிக்கச் சொல்லுங்க."

தோல்யென் பதறித் திரும்பினான். "ஷ்! பேசக் கூடாதுன்னு உத்தரவு!"

"அவனுக்குத்தான்யா பதில் சொல்லக் கூடாது" என்றார் மார்த்தினுஷ். "நீ சொல்லு பொண்ணே. எந்த உயில்?"

"பெர்வோ ஐயா உயில். அதுலயும் முதல் வரியில அதே போப்தான் இருக்கார். நான் கால்மாட்டுல நின்னேன். என்னையும் இவனையும் பொதைச்சுட்டுத்தான் போப் போவார்னு ஐயா சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்கதான்யா ரொம்பச் சிரிச்சது" என்றேன் தோல்யெனிடம்.



"ரினால்தோ, பதிவேடு" என்றார் மார்த்தினுஷ்.

ரினால்தோ பதிவேட்டைப் பையிலிருந்து இடது கையால் எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் வலது கை வெளியே வந்தது. பக்கத்தைப் புரட்டினார். வாசித்தார். "போப்பாண்டவர் செலஸ்டின் அவர்களின் முதலாம் ஆண்டில், டிசம்பர் ஆறு..."

குருபேஷா வெங்காயத்தைக் கீழே போட்டான்.

"இருங்க இருங்க. பத்திரம் செல்லாதுன்னா, உயிலும் செல்லாதா?"

"அண்ணே, உக்காரு" என்றான் தோல்யென்.

"எதுக்குடா உக்காரணும்? உயில் இல்லைன்னா வீடு நாலு பேருக்கு. ஐயா, என் தம்பி சொல்றது ரொம்ப நியாயம்! செத்த போப் செத்த போப்தான்! இவன் வழக்கை நான் ஆதரிக்கிறேன்!"

"வாயை மூடு அண்ணே!"

"அந்த அத்திமரத்தைப் பத்து வருஷமா வெளியில நின்னு பாக்கறேன்டா!"

மார்த்தினுஷ் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பதிவேட்டைத் தன் மடிக்கு இழுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. உதடு அசைந்தது. முகம் சிவந்தது.

"ரினால்தோ. இது என் பொண்ணு கல்யாண ஒப்பந்தம்."

"ஆமாங்க ஐயா."

"இதுலயும் இதே ஆளா?"

"மார்ட்டின் திருநாள்லேருந்து ஜனவரியில மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் எல்லாத்துலயும் ஐயா."

"அப்போ என் மருமகன் இத்தனை நாளா என் பொண்ணை என்ன முறையில வெச்சிருக்கான்?"

முற்றத்தில் எங்கோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லாரும். ஒரு மாதமாக அந்த ஊரில் யாரும் சிரித்திருக்கவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கும் அது கேட்டிருக்கும். அது பதிலில் சேருமா என்று எவருக்கும் தெரியவில்லை.

மார்த்தினுஷ் சிரிக்கவில்லை. மற்ற இரண்டு நீதிபதிகளோடு தலையை முட்டிக்கொண்டு பேசினார். அதிக நேரம் ஆகவில்லை. அவர்களிடமும் ஏதோ பத்திரம் இருந்திருக்க வேண்டும்.

"கேளுங்க" என்றார். "போப் செத்தது ரோமாபுரியில. பத்திரம் எழுதினது இங்கே. ஒரு ஆள் செத்தான்னு கப்பல் வந்து சொல்ற வரைக்கும் அவன் இந்த ஊர்ல உயிரோடதான் இருக்கான். மார்ட்டின் திருநாள்லேருந்து ஃபானோக் கப்பல் வந்த நாள் வரைக்கும் போப் செலஸ்டின் த்ரோகிர்ல நல்லா இருந்தார். எழுதினது எல்லாம் செல்லும். உயிலும் செல்லும், என் பொண்ணு கல்யாணமும் செல்லும். இவள் யாருக்கும் உரியவள் இல்லை. ரினால்தோ, கையை உள்ளே வை, யாரும் கேக்கலை."

குருபேஷா கீழே கிடந்த வெங்காயத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

எல்லாரும் கலைந்த பிறகு தோல்யென் சிங்கத்தின் காலடியில் உட்கார்ந்து அழுதான். "ஒரு இடம்தானே கேட்டேன்" என்றான். என்னிடம் சொன்னானா, சிங்கத்திடம் சொன்னானா, தெரியவில்லை. "அவனுங்க சேத்தைத் தாண்டி வந்தா என்ன செய்வானுங்கன்னு உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். விற்பார்கள், அல்லது கொல்வார்கள். ஆனால் அதை அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரக்கமும் வரவில்லை. அடுப்பில் இரண்டாவது ஈடு இருந்தது. போய்விட்டேன்.

*

தோல்யென் இல்லாமலே பாரிக் கப்பல் போனது. அவன் அதே வீட்டில் இருந்தான். இரண்டு நாளைக்கொரு முறை என்னிடம் ரொட்டி வாங்கினான். "நல்லா வெந்ததா குடு" என்பான். கொடுப்பேன்.

சில நாள் கழித்து ஒரு காலை, மதிலில் நின்ற காவல்காரன் கீழே பார்த்துக் கத்தினான். "காணோம்!"

அந்தப் பக்கம் குதிரை இல்லை, கூடாரம் இல்லை, புகை இல்லை. மிதிபட்ட மண்ணும் சாணமும்தான் இருந்தன. நேற்று வரை எங்களை விழுங்கக் காத்திருந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். போஸ்னா மலை வழியாகத் தெற்கே போகிறார்கள் என்று சேதி வந்தது. அங்கே எனக்கு யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு கதவு ஞாபகம் வந்தது. முகம் எதுவும் வரவில்லை.

ஏன் போனார்கள் என்று அப்போது எவருக்கும் தெரியாது. அந்தோணியார் புண்ணியம் என்றார்கள், சேற்றின் புண்ணியம் என்றார்கள், குதிரைக்குப் புல் இல்லை என்றார்கள். நாலைந்து வருடம் கழித்து, கிழக்கே வெகுதூரம் போய் வந்த ஒரு வெனிஸ் வியாபாரி என் கடை வாசலில் ரொட்டி தின்றபடி வேறொன்று சொன்னான். அவர்களுடைய பேரரசன் உலகத்தின் மறு கோடியில் செத்துப்போனானாம். அதற்காகத்தான் திரும்பினார்களாம்.

"எப்போ செத்தான்?" என்றேன்.

"அந்த டிசம்பர்ல. லூசியா திருநாளை ஒட்டி."

பெர்வோ செத்த வாரம். நான் அவர் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது அங்கே யாரோ அந்த அரசனைக் கழுவியிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் நதி உறைந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் குதிரைகள் நடந்து வந்தன. எரித்தது, அறுத்தது, எங்கள் கரையில் நின்று கத்தியது எல்லாம் செத்த ஒருவன் பேரில். சொல்ல ஒரு கப்பல் அவர்களிடம் வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

அந்த வருடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது. வேறு ஊர்களில் வேறு நடந்திருக்கும். ரினால்தோ இப்போதும் துறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குதிரைக்காரர்கள் போன அந்தக் காலை, ஊர் மொத்தமும் மதிலில் ஏறி நின்று வெறும் கரையைப் பார்த்தது. யாரும் பேசவில்லை. பேசலாம் என்று எவரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. என் இடுப்பில் இருந்த லூசா திடீரென்று வாயைத் திறந்து வீறிட்டாள். என் கை பழக்கத்தில் தானாக அவள் வாயை நோக்கிப் போனது.

பாதியில் நின்றது.

அவள் அழுதாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைக் கீழே போட்டேன். அவள் இன்னும் சத்தமாக அழுதாள். அந்தப் பக்கத்துக் குன்று வரை கேட்டிருக்கும்.